ஆளற்ற வீடுகளும் ஆளில்லாத பதவிகளும்

இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதத்தில் ஒரு குறித்த நாளில் தத்தமது எல்லைக்குள் இருக்கும் வீடுகளைக் கணக்கிட்டு மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்புகின்றன. 2024 ஒக்டோபரில் எடுக்கப்பட்ட கணக்கின்படி அங்கு 7 இலட்சத்து 19 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளில் எவரும் குடியிருக்கவில்லை. அவற்றுள் ஏறத்தாழ 2 இலட்சத்து 65 ஆயிரம் வீடுகள் ஆறு மாதங்களுக்கும் மேலாக வெறுமையாகக் கிடந்தவை. அடுத்த ஆண்டு மார்ச் மாத இறுதியில், வீடற்றவர்கள் என்ற நிலையில் அதே மன்றங்களால் தற்காலிகத் தங்குமிடங்களில் வைக்கப்பட்டிருந்த குடும்பங்களின் தொகை, தனியாட்களையும் சேர்த்து, 1 இலட்சத்து 31 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, ஒன்றைக் கொண்டு மற்றதைத் தீர்த்துவிடலாமே என்று கேட்பது எளிது. அங்குள்ள அரசியல்வாதிகளும் தேர்தல் காலங்களில் அவ்வாறே கேட்கின்றனர். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடு தானாகத் திறந்துகொள்வதில்லை. அதன் உரிமையாளர் யாரென்று தேடி, அவர் எங்கிருக்கின்றார் என்று அறிந்து, வீடு ஏன் பூட்டிக் கிடக்கின்றது என்று கேட்டு, அதைத் திறப்பதற்கு வழிசொல்ல ஒருவர் வேண்டும். இங்கிலாந்தில் அந்த ஒருவருக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு. வெற்று வீடுகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் என்று அதனைத் தமிழில் கூறலாம். இப்பதவியைப் பற்றியும், அது நிரப்பப்படாமல் விடப்படும்போது என்ன நேர்கின்றது என்பதைப் பற்றியும் இங்கு நோக்க விரும்புகின்றோம். வடபுலத்தில் பூட்டிய படலைகளைத் தினமும் கடந்து செல்லும் நமக்கும் இவ்விடயம் அந்நியமானதன்று.

முதலில், எது வெற்று வீடு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இலண்டனில் உறவினர் உள்ள வாசகர்கள் கவுன்சில் வரி என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பர். நமது சோலைவரிக்கு ஒப்பான அந்த வரியின் பதிவேட்டிலிருந்தே கணக்கு எடுக்கப்படுகின்றது. விற்பனைக்கும் அடுத்த குடியிருப்பாளரின் வருகைக்கும் இடையில் சில வாரங்கள் வெறுமையாக இருக்கும் வீடுகளும் அந்த 7 இலட்சத்துக்குள் அடங்கும். அவை குறித்து எவரும் கவலைகொள்ள வேண்டியதில்லை. உரிமையாளர் இறந்து மரணசாதன அத்தாட்சி கிடைக்கும் வரையிலும், கிடைத்த பின்னர் ஆறு மாதங்கள் வரையிலும் வரிவிலக்கு உண்டு. பராமரிப்பு இல்லத்திலோ சிறையிலோ இருப்பவர்களின் வீடுகளுக்கும் அவ்வாறே. ஆறு மாதங்களைக் கடந்தவையே நீண்டகால வெற்று வீடுகள் எனப்படுகின்றன. அவற்றுள்ளும் இரண்டு, ஐந்து, பத்து ஆண்டுகளைக் கடந்தவைதாம் உத்தியோகத்தரின் உண்மையான வேலை.

ஒரு வீடு அவ்வளவு காலம் வெறுமையாகக் கிடப்பதன் காரணங்களை நோக்கினால், சந்தை விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் பணக்காரரைப் பற்றிய கதைகள் பத்திரிகைகளில் வருமளவுக்குப் பொதுவானவை அல்ல என்பது புலப்படும். தாயார் இறந்து, மூன்று பிள்ளைகளுக்கு வீடு சேர்ந்து, அம்மூவரும் ஒருவரோடொருவர் பேசாதிருப்பது ஒரு வகை. கூரை ஒழுகத் தொடங்கியபோது திருத்தப் பணமில்லாமல் மகள் வீட்டுக்குப் போய், பின் திரும்பாமலே விட்டது மற்றொரு வகை. திருத்த வேலையை ஆரம்பித்த ஒப்பந்தக்காரர் இடையில் முறிந்து போனதும் உண்டு. பெற்றோரின் உடுப்புகளையும் தளபாடங்களையும் அகற்ற மனமில்லாமல் ஆண்டுக்கணக்காகப் பூட்டி வைத்திருப்போரும் உண்டு. இவர்களில் எவருக்கும் வரியை இரட்டிப்பாக்கிய கடிதம் ஒன்று மட்டும் வழிகாட்டிவிடாது. ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் சிக்கல் இருக்கின்றது. அதைக் காதுகொடுத்துக் கேட்கும் வேலையே இந்த உத்தியோகத்தருடையது.

அவருடைய முதல் வேலை உரிமையாளரைக் கண்டுபிடிப்பது. இது எண்ணுமளவுக்கு எளிதன்று. வரிப் பதிவேட்டிலுள்ள தகவல்களை வரி அறவிடுவதற்கு அப்பால் பயன்படுத்தலாமா என்ற ஐயம் நெடுங்காலம் மன்றங்களின் கைகளைக் கட்டியிருந்தது. 2003 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் 85 ஆம் பிரிவு, வெற்று வீடுகளை மீண்டும் பாவனைக்குக் கொண்டுவரும் நோக்கத்துக்காக அத்தகவல்களை மன்றத்தின் ஏனைய பிரிவுகளும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. காணிப் பதிவகம் இன்னொரு வழி. எனினும் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் காணிகள் கைமாறும்போது பதிவுசெய்தல் கட்டாயமானது 1990 டிசம்பரிலேயே என்பதால், அதற்கு முன் வாங்கப்பட்டு அதன் பின் கைமாறாத வீடுகள் பல பதிவேட்டில் இல்லை. நெடுங்காலம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையாகவே அமைந்துவிடுகின்றன. பதிவேடுகள் கைவிடும்போது அயலவரின் நினைவே துணை. மகன் எந்த ஊருக்குப் போனான், எந்தத் தொழிலில் இருந்தான் என்று பக்கத்து வீட்டு முதியவர் கூறும் ஒரு வார்த்தை எந்தக் கணினியிலும் கிடைக்காது.

கண்டுபிடித்த பின்னர் கடிதம், தொலைபேசி, நேரில் சந்திப்பு. இங்கு உத்தியோகத்தரிடம் இருக்க வேண்டியது சட்ட அறிவு மட்டுமன்று. கட்டடத் திருத்தச் செலவு, வாடகை நிலைமை, ஏலவிற்பனை, கடன் வசதி, மரணசாதன நடைமுறை ஆகிய எல்லாவற்றிலும் ஓரளவு தேர்ச்சி வேண்டும். ஒரு சிறு உதாரணம் தருகின்றோம். இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் வெறுமையாகக் கிடந்த வீட்டைத் திருத்துவதற்கு வழமையான 20 வீதப் பெறுமதி சேர் வரிக்குப் பதிலாக 5 வீதமே அறவிடப்படுகின்றது. பெரிய திருத்த வேலையொன்றில் இது கணிசமான சேமிப்பாகும். ஆனால் வீடு அவ்வளவு காலம் வெறுமையாகக் கிடந்ததை நிரூபிக்க வேண்டும். அந்த மன்றத்தின் வெற்று வீட்டு உத்தியோகத்தரிடமிருந்து பெறும் கடிதம் ஒன்றே அதற்குப் போதுமானது என்று வரித் திணைக்களத்தின் வழிகாட்டி கூறுகின்றது. உத்தியோகத்தர் இல்லாத மன்றத்தின் எல்லைக்குள் வாழும் உரிமையாளர் பழைய பற்றுச்சீட்டுகளையும் வாக்காளர் பட்டியல்களையும் தேடி அலைய வேண்டியதுதான். ஒரு பதவி நிரப்பப்படாதிருப்பதன் விலையை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் உதாரணம் வேறில்லை எனலாம்.

இணக்கத்துக்கு வராதவர்களுக்கெனச் சட்டங்கள் பல உள்ளன. எலித்தொல்லைக்கு 1949 ஆம் ஆண்டின் சட்டம், அபாயகரமான கட்டடங்களுக்கு 1984 ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம், அயலின் தோற்றத்தைக் கெடுக்கும் வளவுகளுக்கு 1990 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 215 ஆம் பிரிவு என்று அவை சிதறிக் கிடக்கின்றன. உரிமையாளர் செய்யத் தவறிய வேலையை மன்றமே செய்து முடித்து, அச்செலவை வீட்டின் மீது பொறுப்பாகப் பதிந்து, அதனை அறவிடுவதற்காக 1925 ஆம் ஆண்டின் ஆதனச் சட்டத்தின் கீழ் வீட்டையே விற்றுவிடவும் முடியும். இறுதி ஆயுதமாக 1985 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழான கட்டாயக் கொள்வனவு இருக்கின்றது.

2004 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் இவற்றோடு புதியதொரு கட்டளையைச் சேர்த்தது. வீட்டின் உரிமையைப் பறிக்காமலே அதன் முகாமைத்துவத்தை மட்டும் மன்றம் பொறுப்பேற்று, திருத்தி, வாடகைக்கு விட்டு, செலவு போக மிஞ்சியதை உரிமையாளருக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. 2006 இல் நடைமுறைக்கு வந்த இக்கட்டளையைப் பெற நியாயசபையின் அனுமதி வேண்டும். இடைக்காலக் கட்டளை ஓர் ஆண்டு வரையும் இறுதிக் கட்டளை ஏழு ஆண்டுகள் வரையும் செல்லுபடியாகும். அரசு மக்களின் வீடுகளைப் பறிக்கப் போகின்றது என்று அந்நாளில் பெரும் கூச்சல் எழுந்தது. நடந்ததோ வேறு. நாடு முழுவதிலும் மிகச் சொற்பமான கட்டளைகளே பெறப்பட்டன. பின்னர் 2012 இல், ஆறு மாதம் என்றிருந்த காலவரம்பு இரண்டு ஆண்டுகளாக நீட்டப்பட்டு, அயலவருக்குத் தொல்லையாக இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே பொருந்துமாறு சட்டம் இறுக்கப்பட்டது.

இக்கட்டளை இவ்வளவு குறைவாகப் பயன்பட்டது ஏன் என்பதை வெறுமனே சட்டத்தின் குறைபாடு என்று கூறித் தள்ளிவிட முடியாது. ஒரு வீட்டுக்குக் கட்டளை பெறுவதாயின் உரிமையாளருடன் நடத்திய தொடர்பாடல்கள் அனைத்தையும் கோவையாக்க வேண்டும். திருத்தச் செலவை மதிப்பிட வேண்டும். வாடகையில் அது மீளுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். நியாயசபையில் நிற்க வேண்டும். பின்னர் ஏழு ஆண்டுகள் வரை வீட்டுக்காரரின் இடத்தில் மன்றம் நிற்க வேண்டும். முந்நூறு, நானூறு வீடுகளின் கோவைகளை மேசையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தனி உத்தியோகத்தர் இதனை எத்தனை தடவை செய்வார்? அப்படியாயின் இச்சட்டங்களால் பயனில்லையா என்றால் அதுவும் சரியன்று. இறுதியில் கட்டாயக் கொள்வனவு வரக்கூடும் என்ற எண்ணமே உத்தியோகத்தரின் சாதாரணக் கடிதத்துக்குக் கனத்தைக் கொடுக்கின்றது. ஆனால் அச்சுறுத்தல் ஒருமுறையேனும் நிறைவேற்றப்பட்டிருக்க வேண்டும். ஒருபோதும் கொள்வனவு செய்திராத மன்றத்தின் கடிதத்தை உரிமையாளர்கள் விரைவிலேயே அளந்துவிடுகின்றனர்.

இனி ஆளணிப் பிரச்சினைக்கு வருவோம். வெற்று வீடுகளுக்கென உத்தியோகத்தர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் எந்தச் சட்டமும் மன்றங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மேலே கூறிய அதிகாரங்கள் அனைத்தும் மன்றம் விரும்பினால் பயன்படுத்தக்கூடியவை. குப்பை அகற்றுவதும், வீடற்றோரின் விண்ணப்பத்தை விசாரிப்பதும், முதியோர் பராமரிப்பும் சட்டபூர்வக் கடமைகள். வரவுசெலவில் கத்தி விழும்போது கடமைகள் தப்பிவிடும்; விருப்பத்துக்குரியவை வெட்டப்படும். 2010 க்குப் பின் மத்திய அரசின் மானியங்கள் ஆண்டுக்காண்டு குறைக்கப்பட்டபோது இதுவே நிகழ்ந்தது. சில மன்றங்களில் பதவி ஒழிக்கப்பட்டது. வேறு சிலவற்றில் சுற்றாடல் சுகாதார உத்தியோகத்தர் ஒருவரின் அல்லது திட்டமிடல் உத்தியோகத்தர் ஒருவரின் மேசையில் கூடுதல் வேலையாக அது போய்ச் சேர்ந்தது. உணவகப் பரிசோதனையும் இரைச்சல் முறைப்பாடும் முடிந்த பின் எஞ்சும் நேரமே வெற்று வீடுகளுக்கு. ஒருவர் விலகிச் சென்றால், அவர் ஐந்தாறு ஆண்டுகளாக ஓர் உரிமையாளரிடம் தேடிக்கொண்ட நம்பிக்கையும் அவருடனேயே போய்விடுகின்றது. அடுத்தவர் கோவையை முதலாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்.

ஆளைக் குறைத்த அதே ஆண்டுகளில் வரி மட்டும் ஏறிக்கொண்டே சென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாக இருக்கும் வீட்டுக்கு 50 வீத மேலதிக வரி விதிக்கும் அதிகாரம் 2013 ஏப்ரலிலிருந்து வழங்கப்பட்டது. 2019 இல் அது 100 வீதமாயிற்று. ஐந்து ஆண்டுகளைக் கடந்த வீடுகளுக்கு 2020 முதல் 200 வீதமும், பத்து ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2021 முதல் 300 வீதமும் விதிக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து ஓராண்டு கடந்தாலே 100 வீதம். இவ்வளவுக்கும் பின், நீண்டகால வெற்று வீடுகளின் தொகை எங்கே நிற்கின்றது? 2004 இல் 3 இலட்சத்து 18 ஆயிரமாக இருந்து, 2016 அளவில் ஏறத்தாழ 2 இலட்சமாகக் குறைந்த அத்தொகை, அதன் பின்னர் மீண்டும் ஏறி 2024 ஒக்டோபரில் 2 இலட்சத்து 65 ஆயிரமாகியிருந்தது. வரி ஏறியதால்தான் தொகை ஏறியது என்று எவரும் கூறமாட்டார்கள். கொவிட் காலம், நீதிமன்றத் தாமதங்கள், கட்டடப் பொருள்களின் விலையேற்றம் என்று காரணங்கள் பல. ஆயினும் வரி மட்டும் போதாது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. செலவுக்கு வழியில்லாத உரிமையாளரிடம் நான்கு மடங்கு வரி கேட்பது திருத்த வேலைக்கென அவர் வைத்திருந்த பணத்தையும் உறிஞ்சிவிடக்கூடும். மன்றத்துக்கோ வெற்று வீடு ஒரு வருமான மூலமாகிவிடுகின்றது. இந்த மேலதிக வருமானத்தில் ஒரு பகுதியையாவது உத்தியோகத்தரின் சம்பளத்துக்கு ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் விதிக்கப்படாதது பெரும் தவறு என்பதே நமது கருத்தாகும்.

2011 இல் அறிமுகமான புதிய வீட்டு ஊக்கத்தொகை, மீட்கப்படும் வெற்று வீட்டையும் புதிதாகக் கட்டப்படும் வீட்டைப் போன்றே கணக்கில் கொண்டு மன்றங்களுக்குப் பணம் வழங்கியது. இதனால் உத்தியோகத்தர் தமது சம்பளத்தைத் தாமே உழைத்துக் கொடுப்பவர் என்று வாதிட முடிந்தது. இங்கே ஒரு நெளிவையும் கூறிவைக்க வேண்டும். கணக்கெடுப்புத் தினத்துக்கு முன்னதாகப் பதிவேட்டைத் துப்புரவாக்கி, ஏற்கெனவே ஆட்கள் குடிவந்துவிட்ட வீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் ஊக்கத்தொகை கிடைக்கும். அது பயனுள்ள வேலைதான் என்றாலும் ஒரு பூட்டும் அதனால் திறக்கப்படுவதில்லை. இத்தனை வீடுகளை மீட்டோம் என்று மன்றங்கள் வெளியிடும் எண்களைப் படிக்கும்போது இதனை மனதிற் கொள்வது நல்லது. அந்த ஊக்கத்தொகைக்கும் 2025-26 நிதியாண்டே இறுதியாண்டு என்று அரசு அறிவித்துவிட்டது.

மறுபக்கத்துச் செலவையும் நோக்க வேண்டும். 2023-24 நிதியாண்டில் இங்கிலாந்தின் மன்றங்கள் தற்காலிகத் தங்குமிடங்களுக்காகச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 229 கோடி பவுண். பிள்ளைகளுடன் ஒற்றை அறையில் மாதக்கணக்காக வாழும் குடும்பங்களுக்காக விடுதி உரிமையாளர்களுக்குச் சென்ற பணமும் இதில் அடங்கும். ஓர் உத்தியோகத்தர் ஆண்டுக்குச் சில குடும்பங்களை அந்த நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்தாலும் அவரது வேதனம் மீண்டுவிடும். ஆனால் சேமிப்பு ஒரு பிரிவின் கணக்கிலும் சம்பளம் வேறொரு பிரிவின் கணக்கிலும் எழுதப்படுவதால் இந்த எளிய கூட்டல் கழித்தலை எவரும் செய்வதில்லை.

செய்து காட்டிய இடங்களும் உண்டு. தென்கிழக்கே கென்ற் மாகாண மன்றம் 2005 இல், தானேற், டோவர் முதலிய கரையோர மாவட்ட மன்றங்களுடன் இணைந்து ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. உல்லாசப் பயணிகள் வெளிநாடுகளுக்குச் செல்லத் தொடங்கிய பின் வெறிச்சோடிய பழைய கடற்கரை விடுதிகளும் மாளிகைகளும் நிறைந்த ஊர்கள் அவை. ஒவ்வொரு சிறு மன்றமும் தனித்தனியே கற்றுக்கொள்ள வேண்டியதை மாகாண மன்றம் ஒரே இடத்தில் திரட்டி, திருத்த வேலைக்கென வட்டியில்லாக் கடனும் வழங்கியது. கடன் திரும்பி வந்ததும் அதே பணம் அடுத்த வீட்டுக்குச் சென்றது. ஆயிரக்கணக்கான வீடுகள் இவ்வாறு மீண்டன.

ஸ்கொட்லாந்து இன்னொரு வழியைத் தெரிந்தது. அங்கு 2010 இல், அரசின் நிதியுடனும் வீடற்றோருக்கான ஷெல்ரர் அமைப்பின் பொறுப்பிலும் வெற்று வீடுகளுக்கான பங்காளர் அமைப்பொன்று தொடங்கப்பட்டது. உத்தியோகத்தரை நியமிக்கத் தயங்கும் மன்றங்களுக்கு ஆரம்ப காலச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது, அருகருகேயுள்ள மன்றங்கள் ஒருவரைப் பகிர்ந்துகொள்ள உதவுவது, நியமிக்கப்பட்டவருக்குப் பயிற்சியளித்துத் தனித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என்பன அதன் பணிகள். எல்லா மன்றங்களிலும் இப்பதவி இருக்க வேண்டும் என்ற நோக்குடன் 2018 இல் அந்த அரசு இதற்கான நிதியை இரட்டிப்பாக்குவதாக அறிவித்தது. அங்குள்ள 32 மன்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இன்று இப்பதவி இருக்கின்றது. இத்தனைக்கும் இங்கிலாந்தின் மன்றங்களுக்குள்ள முகாமைத்துவக் கட்டளை அதிகாரம் ஸ்கொட்லாந்தில் இல்லை. சட்டம் குறைவாகவும் ஆள் கூடுதலாகவும் உள்ள நாடு பெற்ற பலன் சிந்தனைக்குரியது.

இனி நமது வாசலுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் பூட்டிய வீடுகள் கண்ணிற்படுகின்றன. உரிமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பரிஸிலோ இருக்கின்றார். போரும் இடப்பெயர்வும் காரணமாக வெறுமையான வீடுகளை இங்கிலாந்தின் வெற்று வீடுகளுடன் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை நாம் அறிவோம். அவற்றின் வலி வேறு. எனினும் வீட்டைப் பூட்டி வைத்திருப்பதற்கான காரணங்களிற் சில வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன. ஆதனம் பாட்டனாரின் பெயரில் இருக்கின்றது. ஏழு பிள்ளைகளும் ஐந்து நாடுகளில் இருக்கின்றனர். அற்றோணித் தத்துவம் யாருக்குக் கொடுப்பது என்பதில் உடன்பாடில்லை. இவற்றுடன் நமக்கேயுரிய அச்சங்களும் உண்டு. பத்து ஆண்டுகள் ஒருவரை இருக்கவிட்டால் ஆட்சியுரிமை கோரிவிடுவாரோ என்பது ஒன்று. வாடகைக்கு விட்டால் எழுப்ப முடியாது என்பது மற்றொன்று. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும், மேலதிக வீடுகளை அரசு பொறுப்பேற்ற 1973 ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் மூத்த தலைமுறையின் நினைவில் பதித்த பயம் அது.

நமது உள்ளூராட்சி மன்றங்களில் இவ்வீடுகளுடன் தொடர்புகொள்பவர் யார்? டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகின்றார். மூடப்படாத கிணற்றையும் நீர் தேங்கிய பீலியையும் மதிலுக்கு அப்பாலிருந்து பார்க்கின்றார். படலையில் அறிவித்தல் ஒட்டப்படுகின்றது. அறிவித்தலைப் படிக்க வேண்டியவர் ஆறாயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கின்றார். சோலைவரிப் பதிவேட்டில் இருப்பதோ காலமாகிவிட்டவரின் பெயர். வரியைச் செலுத்தும் உறவினரிடம் உரிமையாளரின் தொலைபேசி எண் நிச்சயம் இருக்கும். அதைக் கேட்டு எழுதிவைப்பது எவருடைய கடமையுமாக இல்லை.

2025 மே மாதத் தேர்தலின் பின் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் மன்றங்களில் அமர்ந்திருக்கின்றனர். புதிய பதவியொன்றை உருவாக்குவது அவர்களின் கையில் மட்டும் இல்லை என்பதை ஏற்கின்றோம். ஆளணி அங்கீகாரத்துக்குக் கொழும்பில் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம் வரை செல்ல வேண்டும். ஏற்கெனவே உள்ள வெற்றிடங்களை நிரப்புவதே பெரும்பாடு. ஆயினும் அயலிலுள்ள மூன்று நான்கு பிரதேச சபைகள் இணைந்து, இருக்கும் உத்தியோகத்தர் ஒருவரை இவ்வேலைக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் ஒதுக்கலாம். பதிவேட்டில் வீடு பூட்டியுள்ளதா, எப்போதிருந்து, உரிமையாளர் எந்த நாட்டில், அவரை எவ்வாறு தொடர்புகொள்வது என்று நான்கு நிரல்களைச் சேர்க்கலாம். ஆட்சியுரிமைக்கு இடம்வைக்காத குத்தகை உடன்படிக்கை மாதிரியொன்றைச் சட்டத்தரணிகளைக் கொண்டு தயாரித்து, கேட்கும் உரிமையாளருக்கு அனுப்பி வைக்கலாம். ஆடி, ஆவணி மாதங்களில் நல்லூர்த் திருவிழாவுக்கென ஊருக்கு வருவோரில் இவ்வீடுகளின் சொந்தக்காரரும் இருக்கின்றனர். அந்த மூன்று நான்கு வாரங்களில் சபை அலுவலகத்தில் அவர்களைச் சந்திப்பதற்கு ஒரு மேசையும் ஒரு கதிரையும், அதில் அமர ஒருவரும் இருந்தாலே போதும்.